வடிக்காமல் உருவாகும் வீட்டு ‘ஜின்’: மணத்தைவிட மூல மதுவே முக்கியம்

பெங்களூரு: ஜூனிபர் கனி, கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றை வோட்காவில் ஊறவைத்து வீட்டிலேயே ‘ஜின்’ தயாரிக்கும் முறைக்கு வாலையோ அடுப்போ தேவையில்லை. ஆயினும், அந்தப் பானம் பாதுகாப்பானதா என்பதைத் தீர்மானிப்பது அதில் இடப்படும் நறுமணப் பொருள்கள் அல்ல. அவை ஊறும் மதுவே ஆகும்.

ஆலை ஜின்னும் ஊறல் ஜின்னும்

ஜூனிபர் மணம் மேலோங்கிய மதுவே ஜின் எனப்படுகிறது. ஆலைகளில் பொதுவாக, சாராயத்துடன் நறுமணப் பொருள்களைச் சேர்த்து மீண்டும் வடிக்கின்றனர். எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள் மட்டும் ஆவியோடு வெளியேற, நிறமும் துவர்ப்பும் கொப்பரையிலேயே தங்கிவிடுகின்றன. ஊறவைக்கும் முறையில் இவை அனைத்தும் மதுவில் இறங்குவதால், அது வெளிர் மஞ்சள் நிறம் பெறுகிறது. ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, மறுபடி வடிக்காமல் மணமூட்டப்பட்ட மதுவையும் ‘ஜின்’ என்று அழைக்கலாம். ‘லண்டன் ஜின்’ என்ற பெயருக்கு மறுவடிப்பு கட்டாயம்.

செய்முறை

முத்திரை உடையாத 750 மி.லி. வோட்காவில் 2 மேசைக்கரண்டி உலர்ந்த ஜூனிபர் கனிகளும் 1 தேக்கரண்டி கொத்தமல்லி விதையும் இட்டு, மூடிய கண்ணாடிக் குப்பியில் 24 மணி நேரம் வைக்க வேண்டும். இவை மெல்ல மணம் விடுபவை. விரைவில் மணம் விடும் ஏலக்காய் இரண்டும், வெள்ளைப் பகுதி நீக்கிய ஆரஞ்சுத் தோல் துண்டும் மறுநாள் சேர்க்கப்படுகின்றன. மேலும் 12 முதல் 24 மணி நேரத்தில் வடிகட்டிவிடலாம். கூடுதலாக ஊறினால் கசப்பு ஏறும். ஜூனிபர் இனங்களில் சில நச்சுத்தன்மை கொண்டவை என்பதால், உணவுக்கென விற்கப்படும் கனிகளையே பயன்படுத்த வேண்டும். சாராய ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால் சூடாக்குதல் கூடாது.

தண்ணீர் சேர்க்கும்போது பானம் கலங்கினால், அது கரைந்திருந்த எண்ணெய் பிரிவதன் விளைவே. நஞ்சின் அடையாளம் அல்ல. அதேபோல், தெளிவாக இருப்பது தூய்மைக்குச் சான்றும் அல்ல.

எங்கே ஆபத்து?

நறுமணப் பொருள்களை ஊறவைப்பதால் மெத்தனால் உருவாவதில்லை. ஆனால், மூல மதுவில் அது ஏற்கெனவே கலந்திருந்தால், ஊறவைத்தலோ வடிகட்டுதலோ அதை நீக்காது. மணத்தாலும் சுவையாலும் அதைக் கண்டறியவும் இயலாது. உடலுக்குள் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது; உயிரையும் பறிக்கிறது.

இதன் விலையைப் பெங்களூரு அறியும். 1981 ஜூலையில் நச்சுச் சாராயம் அருந்தி 300-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2007 ஜூலையில் கர்நாடகத்தில் சாராய விற்பனை தடை செய்யப்பட்டது. எனினும், 2008 மே மாதத்தில் பெங்களூரு, கோலார், தமிழகத்தின் கிருஷ்ணகிரி ஆகிய பகுதிகளில் 150-க்கும் மேற்பட்டோர் கள்ளச்சாராயத்திற்குப் பலியாயினர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

எனவே, உதிரியாக விற்கப்படும் மது, தொழிற்சாலைச் சாராயம், கிருமிநாசினி ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. உரிமம் பெற்ற கடையில், கலால் துறை முத்திரையுடன் வாங்கிய குப்பி மட்டுமே ஏற்றது. மது அருந்தியபின் பார்வை மங்கல், கடும் வயிற்றுவலி, வாந்தி, மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அறிகுறிகள் பல மணி நேரம் தாமதித்தும் தோன்றலாம். விரைந்து சிகிச்சை அளித்தால் பார்வையையும் உயிரையும் காக்க வாய்ப்புண்டு.

சட்டம் சொல்வது

உரிமமின்றி மது வடிப்பதும் விற்பதும் 1965-ஆம் ஆண்டின் கர்நாடக கலால் சட்டப்படி குற்றமாகும். ‘வடிக்கவில்லையே’ என்ற வாதம் மட்டும் போதாது. இந்திய மாநிலங்கள் பலவற்றின் கலால் சட்டங்கள் மதுவுக்கு மணமூட்டுதல், நிறமூட்டுதல், கலத்தல் ஆகியவற்றையும் ‘தயாரிப்பு’ என்றே வரையறுக்கின்றன. வீட்டில் ஊறவைத்த குப்பியை நண்பருக்கு விலைக்குக் கொடுத்தாலும் அது உரிமமற்ற விற்பனையே.