கசிவைக் காட்டும் கைக்கருவி

நீர் கசிந்தால் தரை ஈரமாகும். எண்ணெய் கசிந்தால் கறை படியும். மின்காந்த அலைகள் கசிந்தாலோ, கண்ணுக்குத் தோன்றா, காதுக்கும் கேளா. இவ்வாறு மறைந்து நிகழும் கசிவைக் கண்டுபிடிப்பதற்கெனவே ஒரு கைக்கருவி உண்டு. அமெரிக்க நகரங்களில் கேபிள் தொலைக்காட்சி நிறுவனங்களின் பணியாளர் அதனை ஏந்தித் தெருத்தெருவாகச் செல்வர்.

தொலைக்காட்சிக் கேபிளின் நடுவே உலோகக் கம்பி ஒன்று செல்கின்றது. அதனைச் சுற்றி மின்கடத்தாப் பொருளும், அதற்கு வெளியே உலோக உறையும், எல்லாவற்றிற்கும் மேலே காப்புறையும் அமைந்துள்ளன. உலோக உறை கோட்டை மதில் போன்றது. அஃது உள்ளே செல்லும் அலைகளை வெளியே விடாது. வெளி அலைகளை உள்ளே புகவும் விடாது. ஆயினும், இணைப்பின் திருகு தளர்வதுண்டு. அணில் உறையைக் கடிப்பதுண்டு. மழைநீர் புகுந்து அரிப்பதும் உண்டு. அப்போது மதிலில் வாயில் திறந்துவிடுகின்றது.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. விமானிகள் தரை நிலையத்தாருடன் பேசும் அலைவரிசைகள் 118 முதல் 137 மெகாஹெர்ட்சு வரை உள்ளன. இடருற்ற விமானம் உதவி வேண்டும் 121.5 மெகாஹெர்ட்சும் அவற்றுள் அடங்கும். மூடிய கேபிளுக்குள் தொலைக்காட்சி அலைகளும் இவ்வரிசைகளில் செல்லக்கூடும். ஒரு வீட்டின் கசிவு மிகச் சிறியதாயினும், ஊரெங்கும் உள்ள கசிவுகள் ஒன்றுசேர்ந்தால் வானில் செல்லும் விமானியின் பேச்சைக் குலைக்கலாம். ஆதலின், அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் கசிவுக்கு வரம்பு வகுத்துள்ளது. 1990 ஆம் ஆண்டு முதல் ஊர் முழுவதன் கசிவையும் கணக்கிட்டுப் பார்க்கும் விதியும் நடைமுறைக்கு வந்தது.

தேடும் முறையும் அறியத்தக்கது. முதலில் கருவி பொருத்திய வண்டி தெருக்களில் சென்று, கசிவுள்ள பகுதியைக் காட்டும். பின்னர்ப் பணியாளர் கைக்கருவியுடன் இறங்கி நடப்பார். காற்றில் உலவும் பல அலைகளுள் தம் நிறுவனத்தின் அலையை எவ்வாறு அறிவது? மாட்டுக்குச் சூட்டுக்குறி இடுவதுபோல, அனுப்பும் நிலையத்திலேயே அலையுடன் ஓர் அடையாளம் சேர்க்கப்படுகின்றது. கைக்கருவி அவ்வடையாளத்தையே தேடுகின்றது.

பணியாளர் கருவியை மார்பருகே பிடித்து, நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்புவார். அவர் உடல் இடையே மறைப்பாக அமையும்போது அளவு தாழும். அப்போது கசிவு அவருடைய முதுகுப்புறம் உள்ளது எனலாம். வேறோர் இடத்திலும் இவ்வாறே பார்த்தால், இரு திசைகளும் சந்திக்கும் இடம் புலப்படும். ஆயினும், கசிந்த அலை கேபிளின் புறத்தேயும் கம்பி வேலியிலும் பரவி, வேறிடத்தில் வலுவாகத் தோன்றி ஏமாற்றுவதுண்டு. ஆகவே, முதலில் கண்ட இடத்தையே முடிவாகக் கொள்ளாது, ஒவ்வோர் இணைப்பையும் அவர் பொறுமையுடன் ஆராய்வார். பழுது நீக்கிய பின்னரும் மீண்டும் அளந்து பார்ப்பார்.

சிலபோது தளர்ந்த திருகு ஒன்றை இறுக்குவதோடு வேலை முடிந்துவிடும். அத்தெருவின் மேலே பறக்கும் விமானியோ, அதிற்செல்லும் பயணிகளோ அதனை அறியமாட்டார்கள். அறியாதார்க்கும் பயன்படும் பணியே சிறந்த பணியாகும்.