அலர்ட், வார்னிங், அலாரம்: எல்லாமே 'எச்சரிக்கை'தானா?

மழை சீசன் வந்துவிட்டால் வாட்ஸ்அப் குரூப்களில் முதலில் எழும் கேள்வி இதுதான்: "நம்ம மாவட்டத்துக்கு ரெட் அலர்ட்டா, ஆரஞ்சு அலர்ட்டா? நாளைக்கு லீவு உண்டா?"

டிவி, செய்தித்தளம், டீக்கடை என எல்லா இடத்திலும் 'ரெட் அலர்ட்' என்ற சொல் ஊறிப்போய்விட்டது. ஆனால் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வண்ணப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் விஷயம் வேறு. அதில் பச்சைக்கு 'நோ வார்னிங்', மஞ்சளுக்கு 'வாட்ச்', ஆரஞ்சுக்கு 'அலர்ட்', சிவப்புக்கு 'வார்னிங்' என்று இருக்கிறது. அலர்ட் என்பது ஆரஞ்சு மட்டும்தான். சிவப்பு, அலர்ட்டைத் தாண்டிய கட்டம்.

"பேர்ல என்ன இருக்கு?" என்று கேட்கலாம். பெயரில்தான் வேலையே இருக்கிறது. மஞ்சள் என்றால் தகவலைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆரஞ்சு என்றால் தயாராக வேண்டும். சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்க வேண்டும். மூன்றையும் தமிழில் 'எச்சரிக்கை' என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுவதால் இந்த வித்தியாசம் காணாமல் போகிறது.

துறைமுகக் கூண்டில் இருக்கும் பாடம்

புயல் சின்னம் உருவானதும் "துறைமுகத்தில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்" என்று செய்தி வரும். அந்த எண்களின் ஆங்கிலப் பெயர்கள் பலருக்கும் தெரியாது.

1-ஆம் எண்ணின் பெயர் 'டிஸ்டன்ட் காஷனரி'. 2-ஆம் எண் 'டிஸ்டன்ட் வார்னிங்'. இரண்டுமே தொலைவில் கடலில் நடப்பதைப் பற்றியவை. 3-ஆம் எண் 'லோக்கல் காஷனரி', 4-ஆம் எண் 'லோக்கல் வார்னிங்'. இவை அந்தத் துறைமுகத்தையே குறிப்பவை. 5 முதல் 7 வரை 'டேஞ்சர்', 8 முதல் 10 வரை 'கிரேட் டேஞ்சர்'. 11 ஏறினால் வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

காஷன், வார்னிங், டேஞ்சர் என்பவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் படிகள். காஷன் என்றால் 'பார்த்து நடந்துகொள்', வார்னிங் என்றால் 'ஆபத்து வருகிறது', டேஞ்சர் என்றால் 'ஆபத்து உன் வாசலில்'.

ரயில்வேயிலும் இதே கதைதான். இந்திய ரயில்வேயின் வண்ண விளக்கு சிக்னலில் ஒற்றை மஞ்சள் 'காஷன்': அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வர வேண்டும். இரட்டை மஞ்சள் 'அட்டென்ஷன்': அடுத்த சிக்னலைக் குறைந்த வேகத்தில் கடக்கத் தயாராக வர வேண்டும். காதுக்கு இரண்டும் 'கவனம்' என்றே கேட்கும். ஆனால் ஓட்டுநர் எப்படி வேகத்தைக் குறைக்கிறார் என்பது அந்தச் சொல்லைப் பொறுத்தது.

சொல் எங்கிருந்து வந்தது?

இந்தச் சொற்களின் பிறப்பைப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். 'அலாரம்' இத்தாலிய மொழியில் 'ஆயுதத்தை எடு!' என்ற போர்க்களக் கூவலில் இருந்து வந்தது. 'அலர்ட்' அதே இத்தாலியத்தில் உயரமான இடத்தில் நின்று காவல் பார்ப்பதைக் குறித்த சொற்றொடரில் இருந்து வந்தது. முன்னது எதிரி உள்ளே வந்தபின் எழும் சத்தம். பின்னது எதிரி வருகிறானா என்று பார்த்துக்கொண்டிருக்கும் கண்.

'சைரன்' கதை இன்னும் சுவாரசியம். கிரேக்கப் புராணத்தில் இனிமையாகப் பாடி மாலுமிகளை மயக்கி, கப்பலைப் பாறையில் மோத வைக்கும் பெண்கள்தான் சைரன்கள். 1819-இல் பிரெஞ்சு அறிவியலாளர் கன்யார் டி லா டூர் தான் உருவாக்கிய ஒலிக் கருவிக்கு இந்தப் பெயரை வைத்தார். அது தண்ணீருக்கு உள்ளேயும் ஒலி எழுப்பியதே காரணம். ஆபத்துக்குள் இழுத்தவர்களின் பெயர், இன்று ஆபத்தில் இருந்து விலகச் சொல்லும் ஒலிக்கு. நம் ஊர் மில் பகுதிகளில் இதே சைரனுக்கு 'சங்கு' என்று பெயர். "சங்கு ஊதியாச்சு, ஷிப்ட் முடிஞ்சுது" என்று சொல்வார்கள்.

ஒரே ஒலி, இரண்டு அர்த்தம்: 121 உயிர்கள்

சிக்னலைத் தவறாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு விமானத் துறையில் ஒரு கொடூரமான உதாரணம் உண்டு.

2005 ஆகஸ்ட் 14. ஹீலியோஸ் ஏர்வேஸின் போயிங் 737 விமானம் சைப்ரஸின் லார்னகாவில் இருந்து ஏதென்ஸுக்குக் கிளம்பியது. பராமரிப்பின்போது கேபின் அழுத்தத்துக்கான சுவிட்ச் 'மேனுவல்' நிலைக்கு மாற்றப்பட்டு, அப்படியே விடப்பட்டிருந்தது. விமானம் ஏற ஏற உள்ளே காற்றழுத்தம் குறைந்தது. சுமார் 12,000 அடியில் எச்சரிக்கை ஹார்ன் ஒலித்தது.

சிக்கல் அந்த ஹார்னில்தான். 'கேபினில் அழுத்தம் குறைகிறது' என்பதற்கும், 'விமானம் டேக்-ஆஃபுக்குத் தயாராக இல்லை' என்பதற்கும் அந்த ரகத்தில் ஒரே ஒலி. இரண்டாவது, தரையில் இருக்கும்போது மட்டுமே ஒலிக்கும். ஆனாலும் விமானிகள் அதையே நினைத்தார்கள். ஆக்சிஜன் குறையக் குறைய யோசிக்கும் திறனும் குறைந்தது. விமானம் 34,000 அடிவரை தானாக ஏறி, ஏதென்ஸ் அருகே வட்டமடித்து, எரிபொருள் தீர்ந்து மலையில் விழுந்தது. இருந்த 121 பேரும் இறந்தார்கள்.

ஹார்ன் வேலை செய்தது. விமானிகளின் காதிலும் விழுந்தது. 'எதைச் சொல்கிறது' என்பது மட்டும் போய்ச் சேரவில்லை. பின்னர் 2011-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், அந்த ரக 737 விமானங்களில் இரண்டு ஆபத்துகளுக்கும் தனித்தனி விளக்குகள் பொருத்த உத்தரவிட்டது.

பயணிகள் விமானங்களுக்கான அமெரிக்க விதிகளில் சொற்களுக்கும் கறாரான வரையறை உண்டு. 'வார்னிங்' என்றால் உடனே கவனம், உடனே செயல், நிறம் சிவப்பு. 'காஷன்' என்றால் உடனே கவனம், செயல் அதற்குப் பிறகு; நிறம் ஆம்பர் அல்லது மஞ்சள். 'அட்வைசரி' என்றால் தெரிந்து வைத்துக்கொள், தேவைப்பட்டால் பிறகு செய். இந்த மூன்றுக்கும் சேர்த்துப் பொதுப்பெயர்தான் 'அலர்ட்'. வானிலைப் பட்டியலில் நடுப்படியாக இருந்த சொல், காக்பிட்டில் குடும்பப் பெயர் ஆகிவிடுகிறது. எந்தத் துறையின் பட்டியல் என்று தெரியாமல் ஒரு சொல்லின் எடையைச் சொல்ல முடியாது.

சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை

1990 ஜனவரி 25 இரவு. கொலம்பியாவில் இருந்து நியூயார்க் வந்த அவியான்கா 52 விமானம், மோசமான வானிலையால் வானிலேயே நீண்ட நேரம் காத்திருக்க வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. விமானிகள் கட்டுப்பாட்டு அறையிடம் 'பிரையாரிட்டி' கேட்டார்கள்; எரிபொருள் தீர்கிறது என்றும் சொன்னார்கள். ஆனால் 'எமர்ஜென்சி' என்று அறிவிக்கவே இல்லை. ஆங்கிலத்தில் 'முன்னுரிமை கொடுங்கள்' என்பது கோரிக்கை. 'எமர்ஜென்சி' என்பது அறிவிப்பு. கோரிக்கை வரிசையில் நிற்கும், அறிவிப்பு வரிசையையே கலைக்கும். விமானம் லாங் ஐலண்டில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தனர்.

இதற்காகத்தான் ரேடியோவில் 'மேடே' என்ற சொல்லை மூன்று முறை சொல்லும் வழக்கம். 1920-களில் லண்டன் கிராய்டன் விமான நிலையத்தின் ரேடியோ அதிகாரி ஃபிரடெரிக் மாக்ஃபோர்ட், 'எனக்கு உதவு' என்ற பிரெஞ்சு ஒலியில் இருந்து உருவாக்கியது இது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மேடே. அவசரம்தான், ஆனால் உடனடி உயிராபத்து இல்லை என்றால் 'பான்-பான்'.

ஆபீஸ் மெயிலில் எது சரி?

வேலையிடத்திலும் இந்தக் குழப்பம் உண்டு, உயிர் போகாது, மானம் போகலாம்.

சர்வரில் பிரச்சினை என்றால் மேனேஜரை 'அலர்ட்' செய்யலாம். 'ஐ வாண்ட் டு அலாரம் யூ' என்று எழுதினால் 'உங்களைப் பயமுறுத்த விரும்புகிறேன்' என்று ஆகிவிடும். ஒருவரைப் பற்றி 'ஷி இஸ் அலர்ட்' என்றால் விழிப்பானவர் என்ற பாராட்டு. 'ஷி இஸ் அலார்ம்டு' என்றால் அரண்டுபோயிருக்கிறார்.

'ஐ ஆம் வார்னிங் யூ' என்பதும் அப்படித்தான். ரிலீஸ் தள்ளிப்போகலாம் என்று சொல்ல வந்தவர் இப்படி எழுதினால் மிரட்டல் போலப் படும். அங்கே 'ஹெட்ஸ்-அப்' போதும்.

ஒலிகளுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. 'பீப்' என்பது சின்ன எலெக்ட்ரானிக் சத்தம். 'சைம்' இனிமையாக ஒலித்து அடங்கும் மணி, விமானத்தில் சீட் பெல்ட் விளக்கு மாறும்போது கேட்பது. 'ரிங்' பொதுவான மணியோசை. 'டோல்' என்றால் சாவுக்கு மெதுவாக, விட்டுவிட்டு அடிக்கும் மணி. 'டெத் டோல்' மட்டும் இந்த மணியில் இருந்து வந்ததல்ல. அது சுங்கக் கட்டணத்தைக் குறிக்கும் டோல். லாரிக்குப் பின்னால் இருக்கும் 'சவுண்ட் ஹார்ன்' என்பதில் சவுண்ட் ஒரு வினைச்சொல்: ஹார்னை ஒலிக்கச் செய் என்று பொருள்.

எல்லாமே அலறினால்?

இன்னொரு ஆபத்து, எல்லாவற்றையும் உச்சத்தில் வைப்பது. ஐ.சி.யூ.வில் ஓயாமல் ஒலிக்கும் கருவிகளால் ஊழியர்களின் காது மரத்துப்போவதை 'அலாரம் ஃபெட்டீக்' என்கிறார்கள். அதனால்தான் மருத்துவக் கருவிகளுக்கான சர்வதேசத் தரம் அலாரங்களை உயர், நடு, குறை என மூன்று முன்னுரிமைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேறு ஒலி வடிவம் கொடுத்திருக்கிறது. இரவு ஷிப்டில் ஆன்-கால் பார்க்கும் ஐ.டி. ஊழியருக்கும் இது பழகிய கதைதான்: "நூறு அலர்ட் வந்துது, அதுல ஒண்ணுதான் நிஜம். அதைத்தான் மிஸ் பண்ணிட்டேன்."

அடுத்த முறை போனில் ஒரு எச்சரிக்கை வரும்போது, நிறத்தோடு பக்கத்தில் இருக்கும் சொல்லையும் படித்தால் நல்லது. அந்தச் சொல் மூன்றில் ஒன்றைத்தான் கேட்கிறது: தெரிஞ்சுக்கிட்டா போதுமா, தயாராகணுமா, இப்பவே கிளம்பணுமா?