தாய்லாந்தின் 30 பாட் திட்டம்: பொது மருத்துவ அமைப்பில் நிதிப் பங்கீட்டுச் சீர்திருத்தம்

ஆய்வுச்சுருக்கம்

தாய்லாந்தின் மருத்துவச் சீர்திருத்தம் ‘30 பாட் திட்டம்’ என்னும் கட்டணப் பெயராலேயே அறியப்படுகிறது. அரசு நிதி மருத்துவமனையைச் சென்றடையும் முறையில் நிகழ்ந்த மாற்றமே அதன் அடிப்படை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னுரை

சீர்திருத்தத்திற்கு முன் அரசு ஊழியர்க்கும் நிறுவனப் பணியாளர்க்கும் தனித்தனித் திட்டங்கள் இருந்தன. ஏழைகளுக்கு இலவச அட்டையும், பிறருக்கு விருப்பக் காப்பீட்டு அட்டையும் வழங்கப்பட்டன. மக்களுள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் இவற்றுள் எதிலும் இடம்பெறவில்லை. கடும் நோய் இத்தகைய குடும்பங்களைக் கடனில் ஆழ்த்தியது. 2001 தேர்தலில் வென்ற தக்சின் சினவத்ராவின் அரசு அவ்வாண்டே திட்டத்தைச் சில மாகாணங்களில் தொடங்கியது. 2002-இல் அது நாடு முழுவதும் விரிந்தது. தேசிய நலப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது.

நிதிப் பங்கீடு

முன்பு பொதுச் சுகாதார அமைச்சகமே மருத்துவமனைகளை நடத்தி, நிதியும் ஒதுக்கியது. கட்டடமும் பணியாளரும் மிக்க இடத்திற்கே நிதி மிகுதியாகச் சென்றது. புதிய சட்டம் தேசிய நலப் பாதுகாப்பு அலுவலகத்தைத் தோற்றுவித்து, சேவையை வாங்கும் பொறுப்பை வழங்கும் பொறுப்பினின்று பிரித்தது. 2002-இல் ஆண்டுக்குத் தலைக்கு ஏறத்தாழ 1,202 பாட் எனத் தொகை கணக்கிடப்பட்டது. புறநோயாளர் சேவைக்குரிய பங்கு, பதிவு செய்த மக்கள்தொகைக்கு ஏற்பவும், உள்நோயாளர் சேவைக்குரியது நோய்வகைத் தொகுதிக்கு ஏற்ப, மொத்த வரம்பிற்கு உட்பட்டும் வழங்கப்பட்டன.

ஒவ்வொரு சேவைக்கும் தனிக்கட்டணம் பெறும் மருத்துவமனைக்கு, தேவையற்ற பரிசோதனையும் வருவாயாகும். தலைவீத முறையில் அது செலவாகிவிடும். ஆயின் தேவையான சிகிச்சையையும் குறைத்துவிடும் தூண்டுதல் இம்முறையில் உண்டு. ஆகவே தரக் கண்காணிப்பு இன்றியமையாதது.

30 பாட் கட்டணம் 2006-இல் நீக்கப்பட்டு, 2012-இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. இடைப்பட்ட காலத்திலும் திட்டம் குலையாது இயங்கியமை, கட்டணம் அதன் உயிர்நாடி அன்று என்பதற்குச் சான்றாகும்.

அடித்தளமும் எஞ்சிய சிக்கல்களும்

இத்திட்டத்திற்குப் பல ஆண்டுகள் முன்னரே மாவட்ட மருத்துவமனைகள் பரவலாக அமைக்கப்பட்டிருந்தன. இளம் மருத்துவர்க்கு ஊரகப் பணியும் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. இவையின்றேல் உறுப்பினர் அட்டையால் பயன் விளைந்திராது.

பணியாளர் ஊதியம் முன்போலவே தொடர வேண்டியிருந்ததால், நிதி மறுபங்கீடு எண்ணிய அளவிற்கு நிகழவில்லை. அரசு ஊழியர் திட்டமும் சமூகப் பாதுகாப்புத் திட்டமும் தனித்தே நிற்கின்றன. அரசு ஊழியர்க்கான தலைவீதச் செலவு பொதுமக்களுக்கானதைவிடப் பன்மடங்கு மிகுதி.

முடிவுரை

பரந்த ஊரக மருத்துவக் கட்டமைப்பு, சட்டப் பாதுகாப்பு, மக்கள்தொகை சார்ந்த நிதி ஆகிய மூன்றும் ஒருங்கமைந்தமையே தாய்லாந்தின் வெற்றிக்குக் காரணமாகும். திட்டங்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வு நீங்கும்போதே சீர்திருத்தம் முழுமை பெறும்.