கல்லூரி அடிபந்தாட்ட உதவித்தொகை வரம்பு

கல்லூரி அடிபந்தாட்ட உதவித்தொகை வரம்பு என்பது ஐக்கிய அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக அடிபந்தாட்ட (பேஸ்பால்) அணி தன் வீரர்களுக்கு வழங்கத்தக்க விளையாட்டு உதவித்தொகையின் உச்ச அளவு ஆகும். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் (என்.சி.ஏ.ஏ.) முதற்பிரிவில் இவ்வளவு முப்பதாண்டுகளுக்கு மேலாக ஓர் அணிக்கு 11.7 முழு உதவித்தொகைகளாக இருந்தது. 2025 சூலை 1 முதல், நீதிமன்ற உடன்பாடு ஒன்றை ஏற்ற பல்கலைக்கழகங்களுக்கு இவ்வரம்பு நீக்கப்பட்டது. அவை 34 பேர் கொண்ட அணியில் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் முழு உதவித்தொகை வழங்கலாம்.

11.7 என்னும் எண்

புள்ளிக்குப் பின் ஏழு வந்த காரணம் எளியது. முன்னர் 13 ஆக இருந்த வரம்பு, 1990களின் தொடக்கத்தில் செலவைக் குறைக்கும் நோக்கில் பத்து விழுக்காடு வெட்டப்பட்டது. அன்று கிடைத்த எண்ணே 2025 வரை நீடித்தது.

அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் உயர்நிலை அணிகளுக்கு 85 முழு உதவித்தொகைகள் அனுமதிக்கப்பட்டன. அங்கு சிறிதளவு உதவி பெற்றவரும் ஒரு முழு ஆளாகவே எண்ணப்பட்டார். அடிபந்தாட்டத்திலோ மொத்தத் தொகையைப் பலருக்குப் பிரித்தளிக்கலாம். 2000களின் இறுதியில் வந்த விதிகளின்படி, 35 பேர் அடங்கிய பட்டியலில் 27 பேர் வரை உதவி பெறலாம். ஒவ்வொருவருக்கும் குறைந்தது கால் பங்கேனும் தரவேண்டும். 11.7ஐ 27 பேருக்குச் சமமாகப் பகிர்ந்தால் ஒருவருக்கு ஏறத்தாழ 43 விழுக்காடு மட்டுமே கிடைக்கும். எஞ்சிய செலவு குடும்பத்தைச் சேரும். 2023-24 பருவத்தில் பட்டியல் 40 பேராகவும் உதவி பெறுவோர் 32 பேராகவும் உயர்த்தப்பட்டனர். ஆனால் 11.7 மாறவில்லை, அதே அப்பம் மேலும் சிறு துண்டுகளானது எனலாம்.

பயிற்றுநர்கள் இத்தொகையில் பெரும்பங்கைப் பிட்சர் எனப்படும் எறிவாளர்களுக்கு ஒதுக்குவது வழக்கம். உயர்நிலைப் பள்ளியிலிருந்தே தொழில்முறை அணிகளால் தேர்ந்தெடுக்கப்படக்கூடிய ஒருவரைக் கல்லூரிக்கு ஈர்க்கக் கூடுதலாகத் தரவேண்டியிருந்தது. மாற்று ஆட்டக்காரர் பலர் உதவியின்றியே ஆடினர்.

வரம்பு உருவாக்கிய சமநிலையும் அதன் ஓட்டைகளும்

எல்லா அணிகளுக்கும் ஒரே வரம்பு என்பதால் செல்வமுள்ள பல்கலைக்கழகம் திறமையானோர் அனைவரையும் முழு உதவி கொடுத்துக் குவித்துக்கொள்ள இயலவில்லை. பெரிய அணியில் கால் பங்கு உதவியும் ஓரத்தில் ஓர் இடமும் பெறுவதைவிட, சிறிய அணியில் கூடுதல் உதவியும் முதன்மை இடமும் மேல் எனக் கருதிய வீரர்கள் பலர். நெப்ரசுக்கா மாநிலத்தின் ஒமாகா நகரில் 1950 முதல் நடைபெறும் கல்லூரி உலகத் தொடரில் எதிர்பாரா வெற்றிகள் நிகழ்ந்தமைக்கு இது ஒரு காரணம் எனலாம். 2003இல் ரைசு பல்கலைக்கழகமும், 2008இல் மண்டலச் சுற்றில் நான்காம் தரநிலையில் இருந்த பிரெசுனோ மாநிலப் பல்கலைக்கழகமும், 2016இல் கோசுடல் கரோலினாவும் வாகை சூடின.

எனினும் இச்சமநிலை முழுமையானதன்று. பிற வழிகளில் வரும் கல்வி உதவி அணிகளிடையே வேறுபாட்டை ஏற்படுத்தியது. சியார்சியா மாநிலம் 1993 முதல் குலுக்கல் சீட்டு வருவாயிலிருந்து நன்மதிப்பெண் பெற்ற உள்ளூர் மாணவர்களுக்கு உதவுகிறது. லூசியானாவிலும் மாநிலக் கல்வி உதவித் திட்டம் உண்டு. வாண்டர்பில்ட் என்னும் தனியார் பல்கலைக்கழகம் 2009 முதல் தேவையுள்ள மாணவர்களுக்குக் கடனுக்கு மாற்றாக நன்கொடை வழங்குகிறது. இத்தகைய வசதியற்ற மாநிலத்தில் உள்ள அணிக்கு 11.7 என்பது 11.7 தான்.

வானிலையும் ஒரு தடை. பருவம் பெப்ரவரியில் தொடங்குவதால் வடக்கத்திய அணிகள் முதல் சில வாரங்களைத் தெற்கே பயணம் செய்தே கழிக்கின்றன. 1966இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகம் வென்ற பின், 2025 வரை பிக் டென் கூட்டமைப்பின் உறுப்பினராக இருந்து எந்த அணியும் கோப்பையைப் பெறவில்லை.

2025 மாற்றம்

கல்லூரி வீரர்கள் தொடுத்த அவுசு வழக்கின் உடன்பாட்டிற்கு 2025 சூன் 6 அன்று நீதிபதி குளோடியா வில்கன் ஒப்புதல் அளித்தார். இதன்படி உதவித்தொகை வரம்புகளுக்கு மாற்றாக அணியின் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது. அடிபந்தாட்டத்திற்கு அது 34. உடன்பாட்டில் சேராத பல்கலைக்கழகங்கள் பழைய வரம்பிற்கே உட்பட்டவை. விளையாட்டு உதவித்தொகையே வழங்காத ஐவி கூட்டமைப்பு இதில் சேரவில்லை.

11.7இலிருந்து 34க்குச் செல்வதென்றால் 22.3 முழு உதவித்தொகைகள் கூடுதலாக வேண்டும். ஆண்டுச் செலவு ஒருவருக்கு 50,000 டாலர் எனக் கொண்டால், அது 11 இலட்சம் டாலருக்கு மேல் வரும். இவ்வுடன்பாடு வருவாயை வீரர்களுடன் நேரடியாகப் பகிரவும் இடமளிக்கிறது. முதலாண்டில் அதன் உச்சம் ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டாலர். புதிதாகச் சேர்க்கும் உதவித்தொகைகளில் 25 இலட்சம் டாலர் வரை இவ்வுச்சத்தில் கழிக்கப்படும். காற்பந்தாட்டமும் ஆண்கள் கூடைப்பந்தாட்டமும் பெரும்பகுதியைக் கோரும்போது அடிபந்தாட்டத்திற்கு எவ்வளவு மிஞ்சும் என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விருப்பத்தைப் பொறுத்தது.

போட்டியின் மீதான விளைவு

தென்கிழக்குக் கூட்டமைப்பின் ஆதிக்கத்திற்குப் புதிய விதியே காரணம் என்பது பொருந்தாது. பெருந்தொற்றால் நடவாத 2020ஐத் தவிர்த்து, 2019 முதல் 2025 வரை ஆறு கோப்பைகளையும் அக்கூட்டமைப்பின் அணிகளே, பழைய வரம்பின் கீழேயே, வென்றன. பெரிய அரங்கங்கள், பயிற்றுநர் ஊதியம், 2021இல் வந்த இரு மாற்றங்கள் ஆகியன முன்னரே வழி வகுத்திருந்தன. அவற்றுள் ஒன்று வீரர்கள் தம் பெயரைக்கொண்டு வணிக வருவாய் ஈட்டும் உரிமை. மற்றொன்று ஓராண்டு காத்திராமல் அணி மாறும் உரிமை. வான்படைக் கல்விக்கழகத்தில் ஆடிய எறிவாளர் பால் சுகீன்சு, லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்திற்கு மாறி 2023இல் கோப்பை வென்றார்.

புதிய விதி இவ்வேறுபாட்டை மேலும் விரிவாக்கக்கூடும். சிறிய அணி தன் சிறந்த வீரருக்கு 70 விழுக்காடு கொடுத்துத் தக்கவைத்திருந்தால், இனி பெரிய அணி முழுத் தொகையுடன் வரும். சிறிய அணி பண்படுத்திய வீரர் மூன்றாம் ஆண்டில் வேறோரிடத்தில் ஆடுவார்.

எதிர்த்திசையில் இயங்கும் காரணியும் உண்டு. 40 பேர் இருந்த பட்டியல் 34 ஆகும்போது ஒவ்வொரு பெரிய அணியிலும் ஆறு இடங்கள் மறைகின்றன. தொழில்முறைத் தேர்வும் 40 சுற்றுகளிலிருந்து 2021 முதல் 20 சுற்றுகளாகக் குறைந்ததால், கல்லூரி இடங்களை நாடுவோர் கூடியுள்ளனர். வெளியேறும் வீரர்கள் சிறிய பல்கலைக்கழகங்களையும் ஈராண்டுக் கல்லூரிகளையும் வலுப்படுத்தக்கூடும். 2025 தொடரில் மரி மாநிலப் பல்கலைக்கழகம் ஒமாகாவை எட்டியதும், கோசுடல் கரோலினா இறுதி ஆட்டம் வரை சென்றதும் சிறிய அணிகளிடமும் ஆழம் உள்ளதைக் காட்டின.

இழப்பு பெரும்பாலும் பட்டியலின் கடைசியில் இருப்பவருக்கே. உதவியின்றித் தம் செலவில் ஆடியவர், முதலாண்டில் மெலிந்திருந்து பின்னர் வளரும் எறிவாளர் ஆகியோருக்கு இனி இடம் குறைவு. ஏற்கெனவே அணியிலிருந்து இவ்வரம்பால் நீக்கப்பட்டோருக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது.

ஏனைய பிரிவுகள்

இரண்டாம் பிரிவில் வரம்பு 9 உதவித்தொகைகள். மூன்றாம் பிரிவில் விளையாட்டு உதவித்தொகை இல்லை. ஈராண்டுக் கல்லூரிகளின் முதற்பிரிவில் 24 வரை வழங்கலாம். பெண்களுக்கான மென்பந்தாட்டத்தில் 12 என்ற வரம்பு நீங்கி, 25 பேர் கொண்ட அணி வரம்பு வந்துள்ளது.