விதி ஒன்றானது, விளையாட்டு வளர்ந்தது!

சென்ற பொங்கலன்று கடத்தூரில் பக்கத்து ஊர் அணியுடன் நாங்கள் ஆடிய கால்பந்தாட்டம் பாதியிலேயே நின்றது. அவர்கள் ஊரில் 'ஆஃப்சைடு' கிடையாதாம். எங்கள் ஊரில் உண்டு. ஆளுக்கொரு விதி, முடிவு வாய்ச்சண்டை!

இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் பள்ளிக்கொரு விதி இருந்தது என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் குழப்பம் தீரவே 1863-இல் லண்டனில் கால்பந்துச் சங்கம் தோன்றிப் பொது விதிகளை வகுத்தது. பயன் என்ன? 1872-இல் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் கிளாஸ்கோவில் மோதின. கோலே விழவில்லை, ஆயினும் நாடுகளுக்கிடையிலான முதல் ஆட்டம் அதுவே. 1904-இல் பாரிசில் ஏழு நாடுகளின் சார்பில் 'ஃபிஃபா' அமைந்தது. 1930-இல் உருகுவேயில் நடந்த முதல் உலகக் கோப்பையில் பதின்மூன்று நாடுகள் ஆடின.

நம் நாட்டிலோ அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 1937-இல் பிறந்து, 1948-இல் ஃபிஃபாவில் சேர்ந்தது. அவ்வாண்டு லண்டன் ஒலிம்பிக்கில் நம் வீரர்கள் பலர் வெறுங்காலுடன் ஆடி, பிரான்சிடம் 1-2 என்றே தோற்றனர். 1951-இல் டில்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றோம். ஆனால் 1952-இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என வீழ்ந்தோம். அதன்பின் சம்மேளனம் காலணியைக் கட்டாயமாக்கியது. 1956-இல் மெல்போர்னில் நமக்கு நான்காம் இடம்!

நண்பர்களே, விதி ஆட்டத்திற்கு விலங்கன்று; அறியாதவரோடும் ஆட வைக்கும் பாலம். அடுத்த பொங்கலுக்குப் பக்கத்து ஊரார் வரட்டும். பந்தை உருட்டுமுன் விதியைப் பேசி முடிப்போம். இம்முறை ஆட்டம் முழுதாய் முடியும்.