பிரவுன்சீ தீவில் மூட்டிய தீ

மே மாதம் பிறந்துவிட்டால் நாக்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டே வழிகள்தான். முன்கூட்டியே டிக்கெட் எடுத்தவர்கள் ஊருக்கு ரயிலேறுவார்கள். எடுக்கத் தவறியவர்கள் பிள்ளைகளைக் கூலரின் முன்னால் உட்கார வைத்துவிட்டு, ஜூன் மழைக்காகக் காத்திருப்பார்கள். மூன்றாவதாக ஒரு வழியை நம் சங்கக் கூட்டத்தில் சொன்னேன்: பிள்ளைகளுக்கு ஒரு கோடை முகாம் நடத்தலாமே என்று. உடனே ஒரு நண்பர், "நாலு கூடாரமும் ஒரு சமையல்காரரும் இருந்தால் போதும். இதற்கு என்ன பெரிய யோசனை?" என்றார். அவருக்கு அன்று பதில் சொல்ல நேரமில்லை. ஆசிரியர் இடம் கொடுத்ததால் இங்கே எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் தென்கரையில் பூல் துறைமுகத்துக்குள் பிரவுன்சீ என்று ஒரு சிறிய தீவு. 1907 ஆகஸ்ட் முதல் வாரத்தில் அங்கே பேடன் பவல் என்னும் ராணுவத் தளபதி சுமார் இருபது பையன்களைக் கூட்டிச் சென்று கூடாரம் அடித்தார். 1876 முதல் சில ஆண்டுகள் நம் நாட்டில் படையில் பணியாற்றியவர் அவர். தென்னாப்பிரிக்காவில் மாஃபெகிங் நகரம் 217 நாட்கள் முற்றுகையில் கிடந்தபோது, அங்கே சிறுவர்கள் செய்தி கொண்டு ஓடுவதைப் பார்த்திருக்கிறார். பொறுப்பைக் கொடுத்தால் சிறுவனும் தாங்குவான் என்ற எண்ணம் அதில் பிறந்ததாம்.

பையன்களை அவர் தேர்ந்தெடுத்த விதந்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஈட்டன், ஹாரோ போன்ற சீமான் வீட்டுப் பள்ளிகளிலிருந்து பாதிப் பேர். பூல், போர்ன்மத் ஊர்களின் உழைப்பாளி வீடுகளிலிருந்து மீதிப் பேர். கட்டணமும் இரண்டு வகை. முதல் கூட்டத்துக்கு ஒரு பவுன். அடுத்த கூட்டத்துக்கு மூன்றரை ஷில்லிங். பவுனுக்கு 20 ஷில்லிங் என்பது அந்தக் காலக் கணக்கு. ஆறில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல்! ஆனால் கூடாரத்துக்குள் போனபின் இந்தக் கணக்குக் கிடையாது. எல்லோரையும் கலந்து எருது, ஓநாய், அண்டங்காக்கை, கர்லூ என்ற நீர்ப்பறவை என நான்கு அணிகளாகப் பிரித்தார். அணிக்கு ஒரு நிறத்தில் தோளில் நாடா. அணித் தலைவனும் ஒரு பையன்தான்.

காலை 6 மணிக்கு, ஆப்பிரிக்கப் போர் ஒன்றிலிருந்து கொண்டுவந்த குடு மானின் கொம்பை ஊதி எழுப்புவார். பகலில் முடிச்சுப் போடுதல், தடம் பார்த்தல், முதலுதவி. ஒவ்வோர் இரவும் ஓர் அணி மாவும் இறைச்சியும் காய்கறியும் வாங்கிக்கொண்டு தனியே போய், தானே சமைத்துச் சாப்பிட்டுக் காவல் காக்க வேண்டும். மற்றவர்கள் தீயைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்பார்கள். ஜூலு மக்களின் பாட்டு ஒன்றைச் சேர்ந்து பாடுவார்கள். உலகமெங்கும் முகாம்களில் இன்றும் நடக்கிற தீவட்டக் கூட்டம், சாரணர்களைப் பொறுத்தவரை, அங்கே தொடங்கியதுதான். 2007 ஆகஸ்ட் 1ஆம் தேதி நூற்றாண்டு விழாவில் அதே தீவில் காலை 8 மணிக்கு அந்தக் கொம்பையே மறுபடி ஊதினார்கள்.

இனி நம் நாட்டுக் கதை. 1909இல் பெங்களூரில் காப்டன் பேக்கர் என்பவர் முதல் சாரணர் படையை அமைத்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சென்னை, ஜபல்பூர் முதலிய ஊர்களிலும் படைகள் தோன்றின. ஆனால் அவற்றில் ஆங்கிலேய, ஆங்கிலோ-இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டுமே இடம். சீமான் மகனையும் தொழிலாளி மகனையும் ஒரே கூடாரத்தில் படுக்க வைத்த இயக்கம், கடல் தாண்டி வந்ததும் தோலின் நிறம் பார்த்தது!

1916இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேல் துணையோடு இந்தியப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சாரணர் சங்கம் தொடங்கினார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. பாட்டும் நம் நாட்டுப் பாட்டு. வடக்கே மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதி சாரணர் சங்கம் கண்டார்கள். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது கதவு திறந்தது. அம்மையாரின் சங்கம் பொது இயக்கத்தோடு இணைந்தது. சேவா சமிதி இணையவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950 நவம்பர் 7ஆம் தேதிதான் சாரணர் அமைப்புகள் ஒன்றாகிப் பாரத் ஸ்கவுட்ஸ் அண்டு கைட்ஸ் உருவாயிற்று. 1951 ஆகஸ்ட் 15ஆம் தேதி பெண்கள் பிரிவும் அதில் சேர்ந்தது. ஒரே தீயைச் சுற்றி எல்லாப் பிள்ளைகளும் உட்கார நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இதை எழுதுகிற அடியேனும் அந்த வட்டத்தில் யார் எங்கே உட்காருவது என்று பார்த்தவன்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

1995இல் நான் நைன்பூரில் பி.டபிள்யூ.ஐ., அதாவது ரயில் பாதைக்குப் பொறுப்பாளர். இரண்டரை அடி அகல நேரோகேஜ் பாதை. 2015இல் மூடி, பின்னர் அகலப் பாதையாக மாற்றினார்கள். அந்தப் பாதையில் இருக்கும் சிவனிக் காடுதான் கிப்ளிங்கின் மௌக்ளி கதைக்குக் களம். 1916இல் சின்னப் பிள்ளைகளுக்கு ஓநாய்க்குட்டிப் படை அமைத்தபோது பேடன் பவல் அந்தக் கதையைத்தான் எடுத்துக்கொண்டார். தலைவருக்கு 'அகேலா' என்ற பெயர்கூட அதிலிருந்து வந்ததே.

அந்த மே மாதம், ரயில்வே பிள்ளைகளுக்கு ஒரு சிறிய ஸ்டேஷன் பக்கத்து மாந்தோப்பில் ஏழு நாள் முகாம். என் மகனுக்கு 12 வயது. சாப்பிட்ட தட்டை எடுத்து வைத்துப் பழக்கமில்லாதவன். நாலாம் நாள் லைன் பார்க்கத் தள்ளு டிராலியில் போனவன் தோப்போரம் இறங்கினேன். என் மகன் குத்துக்காலிட்டு, கரிபிடித்த தேக்சா ஒன்றைச் சாம்பலும் வைக்கோலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். எதிரே ஒரு பையன் நின்று, "அடியில் இன்னும் கரி இருக்கு" என்று ஹிந்தியில் அதட்டுகிறான். யாரென்று பார்த்தால் என் கீமேனின் மகன்! தினமும் தண்டவாளத்தோரம் நடந்து, சாவிகளைச் சுத்தியலால் தட்டிச் சரிபார்த்துவிட்டு என்னிடம் வந்து சலாம் வைக்கிறவரின் பிள்ளை. வயது பதினான்கு இருக்கும். டிராலி தள்ளி வந்த நால்வரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு மரத்தைப் பார்த்தார்கள்.

சாரண ஆசிரியர் ஒரு கூட்ஸ் கார்டு. அவரைத் தனியே அழைத்து, மகனுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, வேறு அணிக்கு மாற்றுங்கள் என்றேன். வெயில் எல்லா அணிக்கும் ஒன்றுதான் என்பது அவருக்குத் தெரியாதா? "டோலி விஷயம் டோலி நாயக்கைத்தான் கேட்க வேண்டும், சாப். நானே கேட்டாலும் அதுதான் முறை" என்று விசில் ஊதி அந்தப் பையனையே கூப்பிட்டுவிட்டார்.

பையன் வந்தான். மூன்று விரல் சல்யூட் வைத்து, சாரணர் வழக்கப்படி இடக்கையை நீட்டினான். நான் வலக்கையை நீட்டிவிட்டு, அசடு வழிய மாற்றிக்கொண்டேன். கேட்க வந்தது வாயில் வரவில்லை. "எப்படி இருக்கான்?" என்று மட்டும் கேட்டேன்.

அவன் டிராலிக்காரர்கள் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ரொட்டி இன்னும் வட்டமா வரலை சாப். முதல் நாள் ராத்திரி அழுதான். என் படுக்கையை அவன் பக்கத்தில் போட்டுக்கிட்டேன். யார்கிட்டேயும் சொல்லலை. நீங்களும் கேட்காதீங்க."

நான் டிராலியில் ஏறிவிட்டேன்.

கடைசி நாள் தீவட்டத்துக்குப் பெற்றோரை அழைத்திருந்தார்கள். அவரவர் பிள்ளையின் அணிக்குப் பின்னால் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகவே எங்களுக்கும் கீமேன் குடும்பத்துக்கும் ஒரே ஜமுக்காளம். அவர் விளிம்பில் பாதி உடம்பைத் தரையில் வைத்தே உட்கார்ந்தார். நகர்ந்து உட்காரச் சொல்ல எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அவர் மனைவியோடு என் மனைவி அதற்குள் ஊறுகாய் வரை பேசி முடித்துவிட்டாள்.

எங்கள் பிள்ளைகளின் அணி ஒரு நாடகம் போட்டது. காகிதத் தொப்பி வைத்த பி.டபிள்யூ.ஐ. ஒருவர் பெஞ்சு டிராலியில் உட்கார்ந்து, கண்ணில் பட்டவர்களையெல்லாம் திட்டிக்கொண்டே போகிறார். பி.டபிள்யூ.ஐ. வேடம் கீமேன் மகனுக்கு. டிராலி தள்ளி மூச்சிரைப்பவன் என் மகன். வசனம் எழுதியது யார் என்று சொல்லத் தேவையில்லை. என் திட்டுகள் சொல்லுக்குச் சொல் அப்படியே இருந்தன. கீமேன் தலையைக் குனிந்துகொண்டார். முதலில் சிரித்தவள் என் மனைவி. அப்புறம் நானும் சிரித்தேன், சற்றுத் தாமதமாக.

அந்தப் பையன் பின்னால் ஜனாதிபதி விருது பெற்று, ரயில்வேயில் சாரணர்களுக்குள்ள ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தான். என் மகனுக்கு இன்றும் ரொட்டி வட்டமாக வருவதில்லை என்று மருமகள் சொல்கிறாள்.

கூட்டத்தில் கேட்ட நண்பருக்கு: கட்டணம் இரண்டு வகையாக வைப்போம், யார் எவ்வளவு கட்டினார் என்பது பொருளாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும். அணி பிரிக்கும்போது பெற்றோர் யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம். சமையல்காரரும் வேண்டாம். பெரிய தேக்சா இரண்டு வேண்டும்; எங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன, கொண்டுவருகிறேன்.