ஏரி நிரம்பினால்தான் கிணற்றில் தண்ணீர்

திருவண்ணாமலை மாவட்டத்துக்கு எந்தப் பக்கமும் கடல் கிடையாது. அதன் வடகிழக்கு மூலையில், காஞ்சிபுரத்தை ஒட்டியிருக்கிறது வெம்பாக்கம் வட்டாரம். வடக்கே பாலாறு, தெற்கே செய்யாறு என்று இரண்டு ஆறுகள் இருந்தும், இரண்டிலும் மழைக்காலத்தில்தான் தண்ணீரைப் பார்க்கலாம். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மி.மீ. மழை பெய்கிறது, பெரும்பகுதி சில மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. நிலமோ மெல்லக் கிழக்கே சரிகிறது. சரிவில் ஓடுகிற நீரைக் கரை கட்டி நிறுத்தியதால்தான் இங்கே நஞ்சை உண்டானது. பல்லவர் காலத்து மாமண்டூர் ஏரி இதற்குப் பெரிய சான்று. அங்குள்ள குன்றில் மகேந்திரவர்மன் காலக் குடைவரைகள் இன்றும் நிற்கின்றன.

வீட்டுக்கு வீடு போர்வெல் வந்த பிறகு ஏரி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான், பதில் பூமிக்கடியில் இருக்கிறது. மாவட்டத்தின் பெரும்பகுதிக்கு அடித்தளம் கடினப் பாறை. ஆற்று மணலில் நூற்றுக்கு 12 முதல் 20 பங்கு வரை எடுக்கக்கூடிய நீர் தங்கும். சிதைந்த பாறையிலோ 1 முதல் 4 பங்குதான். இரண்டு பங்கு என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் ஆழத்துச் சிதைந்த பாறை முழுக்க நனைந்திருந்தாலும் அதில் இருப்பது 20 செ.மீ. உயர நீர். ஒரு போக நெல்லுக்கோ 100 செ.மீட்டருக்கு மேல் வேண்டும். ஆக, ஒரு கழனிக்கு அடியில் இருக்கிற நீர் அந்தக் கழனியின் ஒரு போகத்துக்கே போதாது; வேறெங்கிருந்தாவது ஊறி வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த ஊற்றில் கணிசமான பங்கை ஏரியும் அதன் ஆயக்கட்டும் தருகின்றன. கோடையில் மல்லாட்டைக்குத் தண்ணீர் இறைக்கும் கொல்லைக் கிணறும் ஏரிப் பாசனத்தில் சேர்ந்ததே, பட்டாவில் புஞ்சை என்று எழுதியிருந்தாலும்.

ஏரி ஆழமில்லாதது, பாதி நீர் வெயிலில் போய்விடும் என்பது அடுத்த வாதம். ஆவியாவது உண்மை. ஆனால் இந்த ஏரிகள் ஐப்பசி, கார்த்திகையில் நிரம்புகின்றன. வெயில் தணிந்திருக்கும் சம்பா, நவரைக் காலத்திலேயே பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. வண்டல் மேவி ஏரி தட்டையாகும்போதுதான் ஆவியிழப்பு கூடும். அதற்குத் தூர் வாருவதே மருந்து. ஏரியைக் கைவிடுவது அல்ல. ஏரி, நஞ்சை என்றே இருந்தால் தொழிற்சாலை வேண்டாமா என்ற கேள்விதான் கடினமானது. செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையால் இங்குள்ள பெண்கள் பலருக்கு மாதச் சம்பளம் கிடைத்திருக்கிறது; அதை லேசாகத் தள்ள முடியாது. 2023-இல் மேல்மா பகுதியில் அதன் விரிவாக்கத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து விவசாயிகள் போராடியதையும் அப்படித் தள்ள முடியாது. நஞ்சையா புஞ்சையா என்று பார்த்து நிலம் எடுக்கும் முறையில் எனக்கு உடன்பாடில்லை. தரிசாகத் தெரியும் மேட்டு நிலமும் மேய்க்கால் புறம்போக்கும்தான் கீழே இருக்கிற ஏரிக்கு நீர் அனுப்புகின்றன. அங்கே கட்டடம் எழுந்து வரத்துக்கால்வாய் அடைபட்டால், ஒரு சென்ட் நஞ்சையும் எடுக்காமலே பல ஊர்களின் நஞ்சை போய்விடும். நிலம் எடுக்கும் வரைபடத்தில் சர்வே எண்ணோடு, அந்த நிலத்து மழைநீர் எந்த ஏரிக்குப் போகிறது, அந்த ஏரியின் கலங்கல் வழிந்தால் அடுத்து எந்த ஏரி நிரம்புகிறது என்பதையும் குறித்தாக வேண்டும்.